தாளம் காத்த பாதங்கள்

நுழையும்முன்

ஒரு நூல் அழிந்தால் அதன் படியொன்று வேறொரு நூலகத்தில் கிடைக்கக்கூடும். ஏட்டில் எழுதப்படாத கலையை அறிந்த கடைசி மனிதர் மறைந்துவிட்டால், அதனை எங்கே தேடுவது? அமெரிக்க நாட்டின் டேப் நடனம், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கேள்விக்கு மிக அருகில் வந்து நின்றது. ஒருவர் காலிலிருந்து மற்றொருவர் காலுக்கு வழிவழியாக வந்த அக்கலை எவ்வாறு பிறந்தது, ஏன் நலிந்தது, கோடைக்கால விழாக்களின் வழியே எவ்வாறு மீண்டும் தழைத்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கேட்கப்படும் நடனம்

'டேப்' என்னும் ஆங்கிலச் சொல் தட்டுதலைக் குறிக்கும். டேப் நடனக் கலைஞரின் காலணியில், முன்பாதத்தின் அடியில் ஓர் உலோகத் தகடும் குதிகாலின் அடியில் ஓர் உலோகத் தகடும் பொருத்தப்பட்டிருக்கும். மரத்தளத்தின்மீது அத்தகடுகள் மோதும்போது எழும் ஒலியே இந்நடனத்தின் உயிர். பெரும்பாலான நடனங்களில் இசை ஒலிக்க, ஆடுபவர் அதற்கேற்ப அசைகிறார். டேப் நடனத்திலோ ஆடுபவரே இசைக்கலைஞராகவும் விளங்குகிறார். கண்ணை மூடிக்கொண்டும் இந்நடனத்தைச் சுவைக்க முடியும்.

இதன் அடிப்படை அசைவுகள் எளியவை. முன்பாதத்தை முன்னும் பின்னும் விரைவாக உரசினால் இரண்டு ஒலிகள் பிறக்கும். இதனை 'ஷஃபிள்' என்பர். முன்னோக்கி உரசி அதே காலை ஊன்றினால் அதுவும் இரண்டு ஒலிகளைத் தரும். அது 'ஃபிளாப்' எனப்படும். இரு முன்பாதங்களும் அடுத்தடுத்து விழ, பின்னர் இரு குதிகால்களும் அடுத்தடுத்து விழுந்தால் நான்கு ஒலிகள் கோவையாக எழும். அது 'கிராம்ப் ரோல்'. எழுத்துகள் சொல்லாகிச் சொற்கள் தொடராவதுபோல, இச்சிறு ஒலிகளே நீண்ட தாளக் கோவைகளாக விரிகின்றன. எடையை எங்கே வைப்பது, எந்த ஒலியை அழுத்துவது, எங்கே மௌனம் காப்பது என்பனவே ஒரு கலைஞரை மற்றொருவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுகின்றன.

முரசின் இடத்தில் பாதம்

அட்லாண்டிக் கடலைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தம்முடன் உடைமை எதனையும் எடுத்துவர இயலவில்லை. உடலில் ஊறிய தாளத்தை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. 1739ஆம் ஆண்டு தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசும் ஊதுகொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. தொலைவில் இருப்போருக்கு முரசொலி செய்தி சொல்லிவிடும் என்று ஆண்டைகள் அஞ்சினர்.

முரசு பறிக்கப்பட்டதும் தாளம் உடலுக்குள் புகுந்தது. கைகொட்டியும், தொடையிலும் மார்பிலும் தட்டியும், தரையில் காலுதைத்தும் அம்மக்கள் தாளத்தை எழுப்பினர். இதே காலத்தில் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழை மக்கள் தம் நாட்டுத் துள்ளாட்டத்தையும், இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் மரக்காலணி நடனத்தையும் அமெரிக்காவிற்குக் கொண்டுவந்தனர். துறைமுகங்களிலும் நகரச் சேரிகளிலும் இம்மரபுகள் ஒன்றையொன்று கண்டன, போட்டியிட்டன, கலந்தன. அக்கலப்பிலேயே டேப் நடனம் முளைத்தது.

நியூயார்க் நகரின் 'ஃபைவ் பாயிண்ட்ஸ்' என்னும் பகுதி இத்தகைய கலப்பிற்குப் பெயர்பெற்றது. 1842இல் அங்குச் சென்ற ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், ஓர் இளைஞரின் நடனத்தைக் கண்டு வியந்து தம் பயணநூலில் பதிவு செய்தார். அவ்விளைஞர் 'மாஸ்டர் ஜூபா' என்று புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி லேன் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவர், அயர்லாந்து வழிவந்த ஜான் டைமண்ட் என்பவருடன் நடனப் போட்டிகளில் மோதினார். தம் காலத்துப் புகழ்பெற்ற ஆடலர் ஒவ்வொருவரின் பாணியையும் முதலில் அப்படியே ஆடிக்காட்டிப் பின்னர்த் தமக்கே உரிய நடனத்தை ஆடுவது லேனின் வழக்கம். முன்னோரைக் கற்பதும் அவரினின்று வேறுபடுவதும் ஒருங்கே நிகழவேண்டும் என்னும் நெறி இக்கலையின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. 1848இல் இலண்டன் சென்று புகழ்பெற்ற லேன், முப்பது வயதை எட்டும் முன்னரே மறைந்தார்.

புகழும் புறக்கணிப்பும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலணிகளில் உலோகத் தகடுகள் இடம்பெறலாயின. ஜாஸ் இசை வளர வளர டேப் நடனமும் அதனுடன் இணைந்து வளர்ந்தது. ஆயினும் மேடையின் கதவு எல்லாருக்கும் ஒன்றுபோல் திறக்கவில்லை. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களை எள்ளி நகையாடிய நிகழ்ச்சிகளே 19ஆம் நூற்றாண்டில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தன. பின்னர் வந்த 'வாட்வில்' என்னும் பல்சுவை மேடையிலும் கறுப்பினக் கலைஞர் தனித்து ஆட இயலாது, இருவராகவே வரவேண்டும் என்ற வழக்கம் நிலவியது.

அவ்வழக்கத்தை உடைத்துத் தனிக்கலைஞராக உயர்ந்தவர் பில் ரோபின்சன். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் 1878ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிறந்த இவரை மக்கள் 'போஜாங்கிள்ஸ்' என அன்புடன் அழைத்தனர். உள்ளங்காலைத் தரையில் பரப்பி ஆடும் முறைக்கு மாறாக, முன்பாதத்தில் நிமிர்ந்து நின்று தெளிந்த, இலேசான ஒலிகளை எழுப்பினார். படிக்கட்டில் ஏறியிறங்கி, ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு ஒலியைப் பிறப்பித்த அவருடைய படிக்கட்டு நடனம் உலகப்புகழ் பெற்றது. 1935இல் வெளிவந்த 'தி லிட்டில் கர்னல்' திரைப்படத்தில் ஷெர்லி டெம்பிள் என்னும் வெள்ளையினச் சிறுமியுடன் அவர் அந்நடனத்தை ஆடினார்.

ஜான் பபிள்ஸ் என்பவர் குதிகாலின் கனத்த ஒலியை மிகுதியாகச் சேர்த்துத் தாளத்தைச் சிக்கலாக்கினார். 'ரிதம் டேப்' என்னும் வகையின் தந்தையாக அவர் போற்றப்படுகிறார். ஃபயார்ட் நிக்கலஸ், ஹெரால்ட் நிக்கலஸ் என்னும் உடன்பிறந்தார், 1943இல் வெளியான 'ஸ்டார்மி வெதர்' திரைப்படத்தில் உயர்ந்த படிகளில் ஒருவரையொருவர் தாண்டிக் குதித்து, இரு கால்களையும் பிளந்து தரையில் விழுந்து, கையூன்றாமல் எழுந்தாடினர். இத்தகைய ஆற்றல் மிக்க கறுப்பினக் கலைஞருக்குத் திரைப்படங்களில் கதைத்தலைவர் வேடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. படத்தின் இடையே ஓர் ஆடல், அத்துடன் அவர்தம் பங்கு முடிந்துவிடும்.

சுவரில்லாப் பள்ளி

இக்கலைஞர்கள் கற்றது எங்கே? தெருமுனைகளிலும் அரங்கின் பின்கட்டிலும்தான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'ஹூஃபர்ஸ் கிளப்' என்ற சிறிய அறை ஒன்று இருந்தது. ஒரு பழைய பியானோ, ஒரு மரத்தளம், இவையே அதன் உடைமைகள். அங்கு ஆசிரியர் இல்லை, பாடத்திட்டம் இல்லை. ஒருவர் ஆடுவார், சூழ்ந்திருப்போர் உற்றுக் கேட்பர், அடுத்தவர் அதற்கு மறுமொழியாக ஆடுவார். பிறர் அடவைக் கண்டு கற்பதற்குத் தடையில்லை. அதனை மாற்றாமல் அப்படியே மேடையேற்றித் தமதெனக் காட்டுவோர் மட்டும் சக கலைஞரின் இகழ்ச்சிக்கு ஆளாயினர். உரிமைச் சட்டங்கள் எட்டாத இடத்தில், கலைஞர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட அறம் இது.

இம்முறைக்கு ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப்பாணியை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்ததால் கலை தேங்கி நிற்கவில்லை. அது இதன் வலிமை. கற்ற யாவும் கலைஞரின் உடலில் மட்டுமே இருந்ததால், ஆடுவதற்கு இடமும் கேட்பதற்கு இளையோரும் இல்லாத காலம் வந்தால் கலை ஒரே தலைமுறையில் மறைந்துவிடக்கூடும்; அது இதன் குறை.

மௌனத்தின் ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போருக்குப்பின் அக்காலம் வந்தது. 1944இல், ஆடல்பாடல் நிகழும் இரவு விடுதிகளின்மீது அமெரிக்க அரசு கடும் வரி விதித்தது. பெரிய இசைக்குழுக்களைப் பேணும் செலவு தாங்காமல் பல விடுதிகள் அவற்றைக் கைவிட்டன. பிராட்வே அரங்குகளின் சுவை பாலே நடனத்தின் பக்கம் திரும்பியது. ராக் அண்ட் ரோல் இசை இளைஞரை ஈர்த்தது. தொலைக்காட்சி மக்களை வீட்டிலேயே இருத்தியது. இவை யாவும் ஒருங்கே சேர்ந்து டேப் கலைஞரின் பிழைப்பைப் பறித்தன.

மிக நேர்த்தியான ஆடலராக மதிக்கப்பட்ட ஹனி கோல்ஸ், ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் மேடை மேலாளராகப் பணியாற்றினார். அவருடைய இணையாடலராக விளங்கிய சோலி அட்கின்ஸ், மோடவுன் நிறுவனத்தின் இளம் பாடகர்களுக்கு மேடை அசைவுகளைக் கற்றுத்தந்தார். கலையைத் துறந்து வேறு தொழில் தேடியோரும் பலர். 1949இல் போஜாங்கிள்ஸ் மறைந்தபோது, அவர் நினைவாகக் கலைஞர்கள் 'கோப்பசெட்டிக்ஸ்' என்னும் தோழமைக் குழுவைத் தொடங்கினர். மேடையற்ற காலத்தில் அக்குழுவே தாளத்தை அணையாமல் காத்தது.

தேடிச் சென்றோர்

1970களில் ஒரு மாற்றம் முளைத்தது. இளம்பெண்கள் சிலர் முதிய கலைஞர்களைத் தேடிச்சென்றனர். பிரெண்டா புஃபலினோ, தம் ஆசான் ஹனி கோல்ஸையும் கோப்பசெட்டிக்ஸ் குழுவினரையும் குறித்த ஆவணப்படம் ஒன்றை 1977இல் உருவாக்கினார். பாஸ்டன் நகரில் டயான் வாக்கர், லியான் காலின்ஸ் என்னும் ஆசானிடம் பயின்றார். ஜேன் கோல்ட்பெர்க், 1980இல் நியூயார்க்கில் 'பை வேர்ட் ஆஃப் ஃபுட்' என்னும் விழாவை நடத்தினார். வாய்மொழி என்பதுபோலக் 'கால்மொழி' என்று அத்தலைப்பைப் பொருள்கொள்ளலாம். முதிய கலைஞர்கள் தம் அடவுகளை இளையோருக்கு நேரில் கற்பித்த அவ்விழாவே பின்வந்த டேப் விழாக்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

ஆண்களின் உலகமாகவே கருதப்பட்டுவந்த ரிதம் டேப்பில், அக்கலையை மீட்டோருள் பெண்களின் பங்கு மிகுதி என்பது எண்ணத்தக்கது. ஜெனி லெகான் போன்ற ஆற்றல் வாய்ந்த பெண்கள் முன்பே ஆடியிருந்தும் அவர்கள் பெயர் போதிய அளவு பேசப்படவில்லை. மரபைத் தேடியபோது மறக்கப்பட்ட இப்பெயர்களும் வெளிச்சத்திற்கு வந்தன.

1989இல் கிரெகரி ஹைன்ஸ் நடித்த 'டேப்' திரைப்படம் வெளிவந்தது. முதிய கலைஞர் பலர் அதில் தம் திறத்தைக் காட்டினர். அதே ஆண்டு, போஜாங்கிள்ஸ் பிறந்த மே 25ஆம் நாளைத் தேசிய டேப் நடன நாளாக அமெரிக்கா சட்டத்தின் வழியே அறிவித்தது.

கோடையில் கூடும் தாளம்

ஒரு நகரின் நடனப் பள்ளியில் டேப் கற்கும் மாணவர், தம்மையொத்த ஆர்வலரைத் தம் ஊரில் காண்பது அரிது. கோடை விடுமுறையில் அவர்களை ஒன்றுகூட்டும் விழாக்கள் 1980களிலிருந்து பெருகின. 1990இல் லேன் அலெக்சாண்டரின் முயற்சியால் சிகாகோ நகரில் 'சிகாகோ ஹியூமன் ரிதம் பிராஜெக்ட்' தோன்றியது. அதன் 'ரிதம் வேர்ல்ட்' விழா ஆண்டுதோறும் கோடையில் நிகழ்கிறது. செயின்ட் லூயிஸ் நகரில் ராபர்ட் ரீட் நடத்திய விழா 1990களில் முதிய ஆசான்களின் சந்திப்பிடமாயிற்று. 2001இல் டோனி வாக் தலைமையில் நியூயார்க்கில் 'டேப் சிட்டி' விழா தொடங்கியது. 2003இல் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தும் க்ளோயி ஆர்னால்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு விழாவைத் தொடங்கினர்.

இவ்விழாக்கள் வெறும் கண்காட்சிகள் அல்ல. பகல் முழுவதும் தொடக்க நிலை முதல் தேர்ந்த நிலைவரை வகுப்புகள் நடைபெறும். ஒரே நாளில் மூன்று, நான்கு ஆசான்களிடம் மாணவர் பயில்வர். ஒருவர் வேகத்தைக் கற்பிப்பார். அடுத்தவர் வேகத்தைத் துறந்து ஒலியின் தெளிவைக் கேட்பார். இடையிடையே பழைய திரைப்படக் காட்சிகளைத் திரையிட்டு வரலாற்றை விளக்குவர். மாலையில் மாணவர் அரங்கேறுவர். மற்றொரு நாள் ஆசான்களின் மேடை நிகழ்வு இடம்பெறும்.

விழாவின் உயிர்நாடி இரவில் கூடும் 'ஜாம்' என்னும் திறந்த களமாகும். ஜாஸ் குழு இசைக்க, ஆடலர் வட்டமாகச் சூழ்ந்து நிற்பர். பதின்வயதினரும் எழுபது வயதினரும் ஒரே வட்டத்தில் முறைவைத்து நடுவே வந்து, முன்பே திட்டமிடாமல் அவ்வப்போது தோன்றும் தாளத்தை ஆடுவர். முந்தையவர் விட்ட ஒலிக்கோவையை அடுத்தவர் பிடித்துக்கொண்டு வளர்ப்பது மரபு. பேசாமலே நிகழும் உரையாடல் அது. ஹூஃபர்ஸ் கிளப்பின் சிறிய அறை, நகரந்தோறும் இவ்வாறு மீண்டும் திறக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

'ஷிம் ஷாம்' என்பது 1920களின் இறுதியில் லியனார்ட் ரீடும் வில்லி பிரையண்டும் அமைத்ததாகக் கூறப்படும் நடனக்கோவை. டேப் நடனக் கலைஞரின் பொதுப்பண் என்று இதனைச் சொல்வதுண்டு. விழாக்களின் நிறைவில் ஆசானும் மாணவரும் மேடையேறி இதனை ஒருங்கே ஆடுவது வழக்கம்.

கலையும் பிழைப்பும்

தொழில்முறை டேப் கலைஞருக்கு நிலையான வேலை கிடைப்பது அரிது. பாலே குழுக்களைப்போல ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் டேப் குழுக்கள் மிகச் சிலவே. ஆகவே மேடை நிகழ்வு, வகுப்பு, நடன அமைப்பு ஆகியவற்றைக் கோத்தே அவர்கள் தம் ஆண்டு வருவாயை ஈட்டுகின்றனர். கோடைக்காலத்தில் ஒரு நகரின் விழாவிலிருந்து அடுத்த நகரின் விழாவிற்குக் காலணிப் பையுடன் பயணம் செய்கின்றனர். தளம் அவர்களுக்கு ஒரு பெருங்கவலை. மரத்தளம் அதிர்வை வாங்கிக்கொண்டு ஒலியைத் திருப்பித் தரும். கான்கிரீட் தளம் முழங்காலையும் கணுக்காலையும் சிதைத்துவிடும்.

விழாக்களின்மீது ஒரு குறையும் கூறப்படுவதுண்டு. ஒரு வாரத்தில் அடவுகளைக் கற்கலாம். அவற்றின் ஆழத்தைக் கற்க இயலுமா? கைப்பேசியில் பதிவுசெய்த அடவு, அதனை ஆக்கியவர் பெயரின்றிப் பரவிவிடாதா? இவை புறந்தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. இதனாலேயே நல்லாசான்கள் ஓர் அடவைக் கற்பிக்கும்போது அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கின்றனர். அடவுடன் பெயரும் பயணம் செய்யவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. கறுப்பினக் கலைஞரின் உழைப்பு பெயரின்றிக் கையாளப்பட்ட நீண்ட வரலாற்றைக் கொண்ட கலைக்கு இது வெறும் மரியாதை அன்று, நீதி ஆகும்.

2002இல் ஓக்லஹோமா நகரப் பல்கலைக்கழகம் ஃபயார்ட் நிக்கலஸ், ஜெனி லெகான், ஜிம்மி ஸ்லைடு, லியனார்ட் ரீட் உள்ளிட்ட மூத்த டேப் கலைஞர்களுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. முதுமையில் வந்த அப்பட்டம், சுவரில்லாப் பள்ளியில் பெற்ற கல்வியும் கல்வியே என்று ஏற்றுக்கொண்டது.

தாளத்திற்கு எல்லையில்லை

2004ஆம் ஆண்டு கோடையில், வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் நடைபெறும் அமெரிக்க நடன விழாவில் இருவர் சந்தித்தனர். ஒருவர் கொல்கத்தாவில் பிறந்த கதக் கலைஞர் பண்டிட் சித்ரேஷ் தாஸ். அப்போது அறுபது வயதை ஒட்டியவர். மற்றவர் இளம் டேப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித். ஒருவர் வெறுங்காலில் சலங்கை கட்டியவர். மற்றவர் தகடு பதித்த காலணி அணிந்தவர். ஆயினும் பாதத்தால் தாளம் பேசுவதும், களத்திலேயே புதிது படைப்பதும் இருவருக்கும் பொது. அச்சந்திப்பு 'இந்தியா ஜாஸ் சூட்ஸ்' என்னும் மேடைப் படைப்பாக மலர்ந்தது. இந்தியாவிலும் அது நிகழ்த்தப்பட்டது. இந்துஸ்தானி இசைக்கலைஞரும் ஜாஸ் இசைக்கலைஞரும் அருகருகே அமர்ந்து இசைக்க, இருவரின் பாதங்களும் வினாவும் விடையுமாக உரையாடின.

தலைமுறைகள் தொடரும் விதத்திற்கு மிஷேல் டோரன்ஸ் ஒரு சான்று. வட கரோலினாவில் ஜீன் மெட்லர் நடத்திய இளையோர் டேப் குழுவில் வளர்ந்த அவர், மூத்த ஆசான்கள் பலரிடம் விழாக்களில் பயின்றார். பின்னர்த் தமக்கெனக் குழு அமைத்து, மிதித்தால் மின்னணு ஒலி எழுப்பும் பலகைகளின்மீதும் ஆடினார். 2015இல் மெக்ஆர்தர் நல்கை அவருக்கு வழங்கப்பட்டது. கருவி புதிது, அதன்மீது விழும் ஷஃபிளும் ஃபிளாப்பும் பழையன.

முரசைப் பறித்தோர் தாளம் அடங்கிவிடும் என்று எண்ணினர். அது பாதத்தில் குடியேறியது. மேடைகள் மூடப்பட்டபோது தோழமைக் குழுவில் ஒதுங்கியது. முதியோர் மறையும் முன்னர் இளையோர் அவரைத் தேடிச் சென்றதால் விழாக்களில் மீண்டும் ஒலித்தது. ஒரு கலை வாழ்வதற்கு அதனைப் புகழ்வோர் மட்டும் போதாது. அதனை அறிந்தோரிடம் சென்று அமர்ந்து கற்போரும் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் எழுதிவைக்கப்படாத கலை ஒன்றை அறிந்த முதியவரைச் சந்தித்து, அவர் அதனை யாரிடம், எவ்வாறு கற்றார் என்பதைக் கேட்டறிந்து தொகுக்க.
2. 'ஒரு கலையைக் காணொலிப் பதிவுகளால் மட்டும் காத்துவிட முடியுமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

பாடப்பகுதி வினாக்கள்

பலவுள் தெரிக

1. அமெரிக்காவின் தேசிய டேப் நடன நாள் யாருடைய பிறந்தநாளில் அமைந்தது?
அ) ஜான் பபிள்ஸ் ஆ) பில் ரோபின்சன் இ) ஹனி கோல்ஸ் ஈ) வில்லியம் ஹென்றி லேன்

2. நான்கு ஒலிகள் கோவையாக எழும் அடவு எது?
அ) ஷஃபிள் ஆ) ஃபிளாப் இ) கிராம்ப் ரோல் ஈ) ஷிம் ஷாம்

குறுவினா

1. 1740ஆம் ஆண்டுச் சட்டம் முரசைத் தடை செய்ததன் காரணம் யாது?
2. மரத்தளம் டேப் கலைஞருக்கு இன்றியமையாதது ஏன்?

சிறுவினா

1. ஹூஃபர்ஸ் கிளப்பில் நிலவிய கற்றல் முறையின் வலிமையையும் குறையையும் விளக்குக.
2. 'அடவுடன் பெயரும் பயணம் செய்யவேண்டும்' – பாடப்பகுதி கொண்டு கருத்துரைக்க.

நெடுவினா

டேப் நடனம் நலிவுற்றதற்கான காரணங்களையும், கோடை விழாக்கள் அதனை மீட்டெடுத்த முறையையும் தொகுத்து எழுதுக.